விருந்தா, நகையா, விடுப்பா? துணையின் பிறந்தநாளுக்கு எது பொருந்தும்

போன வாரம் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடித்துக்கொண்டிருந்தேன். பழைய தோட்டத்துப் பழக்கம் உள்ள தம்பி ஒருவர் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, வீட்டுக்காரம்மாவுக்கு நாற்பத்தஞ்சு வயசு வருது. எண்ணூறு வெள்ளி ஒதுக்கி வச்சிருக்கேன். விருந்து வைக்கவா, மோதிரம் வாங்கவா, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டார். (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்.) இப்படிக் கேட்கும் நாலாவது ஆள் இவர்.

எங்கள் அப்பா அம்மாவுக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை. விடிகாலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டு. பிறந்தநாள் என்பது பிள்ளைகளுக்கு உரியது, அதுவும் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும்தான். என் அம்மாவின் ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பது அவர் பிறந்த தேதியே இல்லை. தாத்தா போய்ப் பதிந்த நாள் அது என்று பாட்டி சொல்வார். நம் தலைமுறைக்கு அந்தச் சாக்கும் போய்விட்டது. இப்போதைய ஐசியான மைகார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த வருடமும் மாதமும் நாளும்தான். கிளினிக், பேங்க், பள்ளிக்கூட பாரம் என்று மனைவியின் எண்ணை எத்தனை முறை எழுதியிருப்போம். அப்புறம் எப்படி "மறந்துபோச்சு" என்று சொல்வது?

## முதலில் நான்கு கேள்வி

எந்த வழியை எடுத்தாலும் நான் கேட்டுப் பார்ப்பது இவைதான். அன்றைக்கு அவருக்கு வேலை கூடுமா, குறையுமா? பட்டியலில் எழுதாத செலவு எவ்வளவு? இது அவருக்கா, வீட்டுக்கா, ஊர் பார்க்கவா? மறுநாள் காலையில் என்ன மிச்சம் இருக்கும்?

முதல் கேள்விக்கு நான் இரண்டு மடங்கு மதிப்பெண் போடுவேன். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

## வீட்டில் விருந்து

மூன்று வருடத்துக்கு முன் நான் செய்தது இது. என் மனைவி பள்ளிக் கேண்டீனில் வேலை பார்ப்பவள். வாரத்தில் ஐந்து நாளும் மீகூனும் நாசி லெமாக்கும் பொட்டலம் கட்டுகிற கை. அவளுக்குத் தெரியாமல் 40 பேரைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை என் தங்கை அவளை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட, நான் இங்கே கூடாரம் போட்டேன்.

பட்டியல் இப்படி: கேட்டரிங் தலைக்கு 15 வெள்ளி, ஆக 600. கூடாரம், மேசை, நாற்காலி 150. கேக் 90. மொத்தம் 840, சரி, தாங்கும் என்று நினைத்தேன். பட்டியலில் இல்லாதவை பிறகு வந்தன. ஐஸ் கட்டி, காகிதத் தட்டு, கூப்பிடாமலே சேர்ந்து வந்த எட்டுப் பேருக்காகக் கடைசி நேரத்தில் ஓடி வாங்கிய கோழி. அப்புறம் இரண்டு பெட்டி பீர். நம்மூர் விருந்தில் பீருக்குத் தனியாகக் கணக்கு எழுதாதவன் கணக்கே எழுதவில்லை என்று அர்த்தம். கடைசியில் 1,300 வெள்ளியைத் தொட்டது.

காசு போகட்டும். வாசலில் நாற்பது பேர் கைதட்டிக் கத்தினபோது என் மனைவி முதலில் பார்த்தது அவர்களை இல்லை. எட்டி, சமையலறைத் தரை கூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். அதன் பிறகு சிரித்தாள், கேக் வெட்டினாள், எல்லாரையும் சாப்பிடச் சொல்லிச் சொல்லியே இரவு பத்து மணி வரை நின்றாள். கேட்டரிங்காரரின் தட்டங்களை மறுநாள் காலை கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை நான் கவனிக்கவே இல்லை. பன்னிரண்டரை மணிக்குக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே, "நல்லா இருந்துச்சுங்க. அடுத்த வருஷம் எனக்குப் பிறந்தநாள் வேணாம்" என்றாள்.

இன்னொரு செலவு பல மாதம் கழித்து வரும். விருந்துக்கு வந்தவர்கள் அங்பாவ் (மொய்ப் பணம்) வைத்திருப்பார்கள். அதை யாராவது நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். கூப்பிடாமல் விட்ட பக்கத்துத் தெரு, தீபாவளி வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரே தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருந்துவிட்டு இப்போது ஒரே தாமான் குடியிருப்பில் இருக்கிறவர்களிடம், "சின்னதா பண்ணிட்டோம்" என்றால் எடுபடாது.

ஆனாலும் விருந்தே சரியான இடங்கள் உண்டு. கூட்டத்தில்தான் மலர்கிற ஆள் என்றால், விருந்து இல்லாத பிறந்தநாள் அவருக்குப் பட்டினி. அறுபதாம் கல்யாணத்தோடு சேர்ந்து வருகிற பிறந்தநாளையும் நாலு சுவருக்குள் முடிக்க முடியாது. அப்படி வைப்பதென்றால், யார் கழுவுவது, யார் குப்பை கட்டுவது என்று பெயர் போட்டு முடித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பெயர் போட ஆள் இல்லையென்றால் பன்னிரண்டு பேரோடு மாலைப் பலகாரம் போதும்.

இதிலேயே ஒரு மாற்று வழி, கோயில் உபயம். அவருடைய நட்சத்திரம் வரும் வாரத்து வெள்ளிக்கிழமைப் பூசையை எடுத்துக்கொண்டால், அர்ச்சனையும் ஆகிவிடும், சொந்தபந்தம் கூடுவதும் ஆகிவிடும், அன்னதானமும் கோயிலிலேயே நடந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டம்மா கோயில் சமையல் குழுவில் இருந்தால், தன் பிறந்தநாளுக்குத் தானே காய் வெட்டிக்கொண்டிருப்பார்.

## வெளியே சாப்பாடு

ஈப்போ அருகில்தான், 30 கிலோமீட்டர் வரும். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை என்றால் வம்பில்லை. ஹோட்டல் பஃபே என்றால் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொன்று உணவுக்கான 6 விழுக்காடு சேவை வரி. 100 வெள்ளி என்று போட்டிருப்பது பில்லில் 116 ஆக நிற்கும். இரண்டு பிள்ளைகளோடு போனால் இந்தப் பதினாறே ஒரு ஆள் சாப்பாட்டுக்குக் கிட்ட வந்துவிடும்.

நாள் பார்ப்பது அதைவிட முக்கியம். ஒருவர் கடல் உணவு பஃபேயில் முன்பணம் கட்டி இடம் பிடித்துவிட்டார். தேதி புரட்டாசியில் விழுந்தது. மனைவி பழமும் ஐஸ்கிரீமும் சாப்பிட்டுவிட்டு, கணவர் நண்டு உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

தினமும் அடுப்படியில் நிற்பவருக்கு இது நல்ல வழி. தட்டு கழுவும் வேலை இல்லை, ஊருக்குப் பதில் சொல்லும் வேலையும் இல்லை. ஆனால் மறுநாள் படத்தைத் தவிர மிச்சம் ஒன்றும் இராது.

## நகை

ஆண்கள் அதிகம் நம்புவது இதைத்தான். "காசு வீணாப் போகாது" என்பார்கள். பாதிதான் உண்மை.

இங்கே கடைகளில் பெரும்பாலும் விற்பது 916, அதாவது 91.6 விழுக்காடு தங்கம், நம் கணக்கில் 22 காரட். எடைக்கு விலை போட்டு அதன் மேல் செய்கூலி சேர்ப்பார்கள். சின்ன நகையில்தான் கூலி உறைக்கும். இரண்டு கிராம் மோதிரத்துக்குத் தங்கத்தின் விலையோடு வைத்துப் பார்த்தால் கூலியின் பங்கு பெரிதாக இருக்கும். விற்கும்போது கூலி திரும்பி வராது, கடைக்காரர் எடுக்கும் விலையும் அன்றைய விற்பனை விலை இல்லை. ஆகவே 800 வெள்ளி மோதிரத்தை "சேமிப்பு" என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அழகுக்காக வாங்குங்கள், நல்லதுதான். அளவு தெரியாமல் வாங்கினால் மட்டும், பிறந்தநாளுக்கு மறுவாரம் மோதிரத்தைப் பெரிதாக்க மறுபடி ஈப்போ போக வேண்டும்.

நம் வட்டாரத்தில் வாய்விட்டுப் பேசாத ஒன்று உண்டு. பல வீடுகளில் மனைவியின் நகை கழுத்தில் இல்லை, அடகுக் கடையில் இருக்கிறது. ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவு, மோட்டார் சைக்கிள் ரிப்பேர், பையனின் பாலிடெக்னிக் கட்டணம் என்று கழற்றிக் கொடுத்தது. உரிமம் உள்ள அடகுக் கடையில் சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காடு வரை, தவணை ஆறு மாதம். 1,000 வெள்ளிக்கு மாதம் 20, ஆறு மாதத்தில் 120. கேட்கச் சின்னதாக இருக்கும், புதுப்பித்துக்கொண்டே போனால் சின்னது இல்லை.

அங்கே ஒரு சங்கிலி கிடக்கும்போது புது மோதிரம் வாங்கிக்கொண்டு போனால், அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். மனசுக்குள் கணக்குப் போடுவார். சங்கிலியை மீட்டுக் கொடுத்தால் கூலி இல்லை, அளவுப் பிரச்சினை இல்லை, மாத வட்டியும் நிற்கும். அவர் கொடுத்தது அவருக்குத் திரும்பி வருகிறது. என்னைக் கேட்டால், நகை வரிசையில் இதற்குத்தான் முதலிடம்.

## வீட்டுச் சாமான்

சலவை இயந்திரம், பிரிட்ஜ், ரைஸ் குக்கர். இவை வீட்டுக்கு எப்படியும் வாங்க வேண்டியவை. பிறந்தநாள் கேக்கின் மேல் வைத்து அவர் பேரில் எழுதுகிறோம். தவணையில் வாங்கினால் அடுத்த பிறந்தநாள் வரைக்கும் அவர் செலவுப் பட்டியலிலேயே அது உட்கார்ந்திருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. அது அவர் சொந்தக் கைத்தொழிலுக்கானது, அவரே வாய்விட்டுக் கேட்டது என்றால் தாராளமாக வாங்குங்கள். வீட்டில் ரவிக்கை தைப்பவருக்கு ஓவர்லாக் மிஷின் ஒரு பரிசுதான்.

## விடுப்பு போட்டு ஒரு நாள்

தொழிலாளர் சட்டப்படி ஒரே முதலாளியிடம் இரண்டு வருடத்துக்குள் இருப்பவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 12, அதற்கு மேல் 16. இதை நாம் எதற்குச் செலவழிக்கிறோம்? கல்யாணம், கருமாதி, தைப்பூசம், ரோட் டேக்ஸ். துணையின் பிறந்தநாளுக்கு ஒரு நாள் போட்டவரை விரல் விட்டு எண்ணலாம்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் ஒரு புதன்கிழமையாகப் பாருங்கள். தைப்பிங் போகலாம். சுங்கை சிப்புட்டில் நிற்கும் ஈடிஎஸ் ரயில் எது என்று முன்பே பார்த்து டிக்கெட் எடுத்தால் காரே வேண்டாம். பாடாங் ரெங்காஸ் தாண்டி 3.3 கிலோமீட்டர் சுரங்கப் பாதைக்குள் ரயில் நுழையும்போது, ஜன்னலில் உங்கள் இரண்டு பேர் முகம் மட்டும் தெரியும். அந்தப் பக்கம் தைப்பிங் ஏரிப் பூங்கா. ஈயம் தோண்டி விட்டுப்போன குழிகளை 1880-இல் பூங்காவாக்கியது. ஏரியோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் ரோட்டைத் தாண்டிக் கிளையைத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டு நிற்கும். நடக்கக் காசு கேட்க மாட்டார்கள்.

ஒளிந்திருக்கும் செலவுகள் இங்கேயும் உண்டு. சம்பளத்தோடு விடுப்பு கிடைக்காத நாள் சம்பளக்காரருக்கு விடுப்பு என்றால் கூலி நட்டம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று வைத்து 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல். பயணச் செலவோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கூலி பிடிக்கக் கூடாது என்று எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்க நினைக்காதீர்கள். நீங்கள் தைப்பிங் மிருகக்காட்சிச் சாலை வாசலில் நிற்கும் அதே நாளில்தான் உங்கள் சூப்பர்வைசரின் மைத்துனரும் அங்கே நிற்பார்.

இன்னும் கவனிக்க வேண்டியது, அவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது. நாலரைக்கே எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு, மாமியாருக்குக் கஞ்சி, பயணத்துக்குப் புளிச்சோறு என்று செய்து வைத்துவிட்டு வந்தால் அவர் ரயிலில் தூங்கத்தான் செய்வார். முதல் நாள் இரவே நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகளுக்குக் கையில் காசு, பாட்டிக்குக் கடைச் சாப்பாடு. ஒரு நாளில் யாரும் மெலிந்துவிட மாட்டார்கள்.

வெளியே போவதே பிடிக்காதவர் என்றால் அதே விடுப்பை வீட்டில் எடுங்கள். அவர் தூங்கட்டும், நீங்கள் துணி காயப்போடுங்கள். இதைச் சொன்னபோது சிரித்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தப் பகுதிதான் பொருந்தும். தேதியில் வர முடியாவிட்டால் காசு மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நமக்குத்தான் இரண்டு பிறந்தநாள் இருக்கிறதே. இங்கிலீஷ் தேதி வேலை நாளில் விழுந்தால் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் சம்பளத்துக்கு முன் வரும் பிறந்தநாளுக்கும் இதே தந்திரம்.

## பேப்பரில் வரும் பரிசு

இல்லத்தரசிகளுக்கு சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) ஒரு பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. வருடத்துக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையில் அடிபட்டாலும், உடல் முடங்கினாலும் பாதுகாப்பு. 55 வயதுக்குள் சேர வேண்டும். இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) கணவர் தன் 11 விழுக்காட்டுப் பங்கிலிருந்து 2 விழுக்காட்டை மனைவி கணக்குக்கு மாற்றும் ஐ-சாயாங் என்பதும் இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் கேக் வெட்டும் நேரத்தில் "நீ வழுக்கி விழுந்தா காசு வரும்" என்று நீட்டாதீர்கள். அதற்கு முந்தின வாரமே செய்து முடித்துவிடுங்கள்.

## வாழ்த்து

ஒரு காலத்தில் தமிழ் நேசனில் படத்தோடு வாழ்த்து வந்தால் அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்பார்கள். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுபோனது. இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். நாலு பேர் முன் பாராட்டினால் பூரித்துப் போகிறவர் உண்டு. "எதுக்குங்க ஊருக்கெல்லாம் வயசைச் சொல்றீங்க" என்று முறைப்பவரும் உண்டு. எந்த வகை என்று உங்களுக்குத் தெரியும்.

எதுவானாலும் "அன்பும் பண்பும் நிறைந்த" என்று தொடங்க வேண்டாம், அது கல்யாண அழைப்பிதழ் நடை. நடந்த ஒன்றை எழுதுங்கள். 2020 மார்ச்சில் எம்சிஓ (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) வந்து என் சம்பளம் பாதியானபோது, என் மனைவி முறுக்கும் ஓமப்பொடியும் சுட்டு அந்த மாதங்களை ஓட்டினாள். போன வருடம் அதை ஐந்து வரியில் எழுதி அவள் கைப்பைக்குள் வைத்தேன். படித்தாளா என்று இரண்டு நாள் தெரியவில்லை. மூன்றாம் நாள், "ஓமப்பொடி இல்லீங்க, அது காராசேவு" என்றாள்.

## கணவருக்கு என்றால்

மனைவிமார்கள் கேட்பதுண்டு. எதைக் கேட்டாலும் "ஒன்னும் வேணாம்" என்பார் மனுஷர். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அவர் மோட்டாரின் டயரைப் பாருங்கள், தூண்டில் கம்பைப் பாருங்கள், பத்து வருடமாகப் போடும் செருப்பைப் பாருங்கள். நைட் ஷிப்டு முடிந்து வருகிறவருக்குப் பகலில் பிள்ளைகளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜன்னலுக்குத் துணி கட்டினால் அதுவே விருந்து.

## ஒரே பார்வையில்

| வழி | அவருக்கு வேலை | ஒளிந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| வீட்டு விருந்து | மிகவும் கூடும் | பீர், கூடுதல் ஆள், அங்பாவ் கடன் | கூட்டம் பிடித்தவர், கழுவ ஆள் உள்ள வீடு |
| கோயில் உபயம் | குறைவு | பெரிதாக இல்லை | சொந்தம் கூட வேண்டும், வீடு சிறியது |
| வெளியே சாப்பாடு | இல்லை | கட்டணமும் வரியும் 16 விழுக்காடு | தினமும் சமைப்பவர் |
| புது நகை | இல்லை | செய்கூலி | அடகில் ஒன்றும் இல்லாதவர் |
| அடகை மீட்பது | இல்லை | சேர்ந்த வட்டி | நமக்குத் தெரியும் |
| வீட்டுச் சாமான் | மாறும் | தவணை | அவரே கேட்டிருந்தால் மட்டும் |
| விடுப்பு நாள் | குறையும், நீங்கள் ஏற்பாடு செய்தால் | ஒரு நாள் கூலி | இருவரும் பேசி நாளாகிவிட்டவர்கள் |

## அந்தத் தம்பிக்கு

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "வீட்டுக்காரம்மா நகை ஏதாச்சும் அடகுல இருக்கா?" என்று கேட்டேன். அவர் கரண்டியை எடுத்து, சீனி எப்போதோ கரைந்துவிட்ட தே ஓவை மறுபடி கலக்கினார்.

"சங்கிலி இருக்குண்ணே. அறுநூறுக்கு."

"எத்தன மாசம்?"

"அஞ்சு."

மாதம் 12, ஐந்து மாதத்துக்கு 60. ஆக 660 வெள்ளி. கடைக்காரரின் பில் காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினேன். 800-இல் மிச்சம் 140.

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தைப்பிங்குக்கு ரெண்டு டிக்கெட்டுன்னா எவ்வளவுண்ணே வரும்?" என்றார்.